அச்சத்தைப் படம் பிடித்தவன்

1960ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 7ஆந் திகதி இரவு. இலண்டன் மாநகரின் பிக்கடிலிப் பகுதியிலுள்ள பிளாசாப் படமாளிகையில் புதிய ஆங்கிலப் படமொன்றின் முதற்காட்சி நடந்து முடிந்தது. கதாநாயகனாக நடித்த இளைஞரும் படத்தை நெறிப்படுத்தியவரும் விருந்துக்குரிய உடையணிந்து வாயிலில் நின்றுகொண்டிருந்தனர். முதற்காட்சி முடிந்து வருவோர் கைகுலுக்கிப் பாராட்டிச் செல்வது அங்கே வழக்கம். படம் நன்றாயில்லாவிடினும் ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றோ கதவுகள் திறந்தன. கனவான்களும் சீமாட்டிகளும் வெளியே வந்தனர். ஒருவராவது இவ்விருவரையும் நாடி வரவில்லை. நெடுநாட் பழகியவர்களும் முகத்தை வேறு புறம் திருப்பிக்கொண்டு நடந்தனர். கார்ல்ஹைன்ஸ் போம் என்னும் அந்த நடிகர் பல ஆண்டுகள் கழித்தும் இந்நிகழ்ச்சியை மறவாமல் எடுத்துச் சொன்னார்.

படத்தின் பெயர் "பீப்பிங் டொம்". ஒளிந்திருந்து பிறரைப் பார்ப்பவனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இது. கொவென்ட்ரி நகரத்துக் கொடைவாச் சீமாட்டி, தன் கணவன் விதித்த வரியை நீக்குவிக்கும் பொருட்டு ஆடையின்றிக் குதிரையேறி வீதிவலம் வந்தபோது, ஊரார் எல்லோரும் மரியாதைக்காகச் சாளரங்களை அடைத்துக்கொண்டார்களாம். டொம் என்னும் தையற்காரன் மாத்திரம் எட்டிப் பார்த்துக் கண்ணிழந்தானாம். கதை அவ்வளவுதான். ஆயினும், சாளரத்தை அடைத்தவர்கள் யார், எட்டிப் பார்த்தவன் யார் என்ற கேள்வியை இப்படம் பார்வையாளரிடமே கேட்டது. அதனாலேதான் அத்தனை கோபமும் எழுந்தது என்பது நமது எண்ணம்.

மறுநாளிலிருந்து பத்திரிகைகள் கிளம்பின. "ட்ரிபியூன்" என்னும் வார இதழின் விமர்சகர், இப்படத்தை மண்வெட்டியால் அள்ளிப் பக்கத்துச் சாக்கடையில் கொட்டுவதே தகும், கொட்டினாலும் நாற்றம் நிற்கும் என்ற கருத்துப்பட எழுதினார். "ஒப்சேவர்" பத்திரிகையில் நெடுங்காலம் எழுதிவந்த அம்மையார் ஒருவர், ஒரு படத்தின்மீது இத்துணை அருவருப்புத் தமக்கு ஏற்பட்டு வெகுகாலமாயிற்று என்றார். "டெயிலி எக்ஸ்பிரஸ்" எழுத்தாளர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கிழக்குப் பாகிஸ்தானின் தொழுநோயாளர் குடியிருப்புகளும், பம்பாயின் பின்தெருக்களும், கல்கத்தாவின் சாக்கடைகளும்கூட இப்படத்தைப்போல் தம் மனத்தைக் குமட்டச் செய்யவில்லை என்றார் அவர். ஆங்கிலேயர் ஒருவர் தம் அருவருப்பை அளப்பதற்கு நம் கண்டத்து ஏழைகளையும் நோயாளரையும் அளவுகோலாக எடுத்துக்கொண்டதைக் காணும்போது, குமட்டல் எங்கிருந்து வந்தது என்று நமக்கும் கேட்கத் தோன்றுகிறது. அது நிற்க.

இந்த வசைகளுக்கெல்லாம் ஆளானவர் யாரோ முகவரியற்ற மலிவுப்பட வியாபாரி அல்லர். மைக்கல் பவல் என்னும் பெயர் அன்றைய பிரித்தானியத் திரையுலகில் மதிப்புக்குரிய பெயர். ஹங்கேரியிலிருந்து வந்த எமெரிக் பிரஸ்பேர்கருடன் கூட்டுச்சேர்ந்து அவர் ஆக்கிய "சிவப்புச் சப்பாத்துகள்" 1948இல் வெளிவந்து உலகெங்கும் நடனம் பயிலும் சிறுமியரின் கனவாயிற்று. இமயமலைச் சாரலில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் மடத்தைப் பற்றிய "கறுப்பு நார்சிசஸ்" என்ற படத்தை, இமயத்தைக் கண்ணாலும் காணாமல், பெரும்பாலும் இங்கிலாந்தின் பைன்வூட் கலையகத்துள்ளேயே எடுத்து முடித்த வித்தகர் அவர். மைசூரில் யானைப்பாகன் மகனாய்ப் பிறந்த சாபு, நாயகர்களுள் ஒருவனாய்த் தோன்றிய "பாக்தாத் திருடன்" (1940) படத்தை நெறிப்படுத்திய பலருள் ஒருவரும் அவரே. இத்தகைய மனிதர் இப்படியொரு படத்தை எடுத்தாரே என்பதுதான் விமர்சகரின் ஆத்திரத்தில் பாதி.

கதை இதுதான்

மார்க் லூயிஸ் என்பவன் கூச்ச சுபாவமுள்ள இளைஞன். திரைப்படக் கலையகமொன்றில் கமராவின் குவியத்தைச் சரிசெய்யும் உதவியாளன். தந்தை விட்டுச்சென்ற பெரிய வீட்டின் மேல்மாடியில் தனித்து வாழ்கிறான். கையில் எந்நேரமும் ஒரு சிறு கமரா. அவனிடம் ஒரு பயங்கரமான வேட்கை இருக்கிறது. மரணம் நெருங்கும் வேளையில் ஒரு பெண்ணின் முகத்தில் எழும் அச்சத்தைப் பிலிமில் பதிய வேண்டும்! கமராவைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலில் கூரிய அலகை மறைத்து வைத்திருக்கிறான். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கால் மெல்ல உயர்கின்றது.

படத்தின் தொடக்கத்திலேயே பவல் நம்மைச் சிக்க வைத்துவிடுகிறார். இலண்டன் சந்தொன்றில் நிற்கும் பெண்ணை நாம் முதலிற் பார்ப்பது மார்க்கின் கமராக் கண்ணாடியூடாகத்தான். குறிபார்க்கும் கோடுகள் இரண்டும் அவள் முதுகின்மேல் விழுகின்றன. அவள் படியேறுகிறாள், நாமும் ஏறுகிறோம். அவள் திரும்பிப் பார்க்கிறாள், நம்மைத்தான் பார்க்கிறாள். அவள் முகம் மாறுகிறது. அலறுகிறாள். உடனே காட்சி மாறி, மார்க் தன் அறையில் இருந்து அதே படத்தைத் திரையில் ஓட்டிப் பார்ப்பதைக் காண்கிறோம். முதல் தடவை பார்த்தபோது நமக்குத் தெரியாது. இரண்டாந் தடவை தெரிந்துகொண்டே பார்க்கிறோம். இரத்தம் என்று சொல்லத்தக்கது திரையில் ஏறக்குறைய இல்லை. இருப்பதெல்லாம் முகங்களே.

மார்க் ஏன் இப்படியானான்? கீழ்வீட்டில் குடியிருக்கும் ஹெலன் என்னும் நல்ல பெண் தன் இருபத்தோராம் பிறந்த நாளன்று, அவன் எடுத்த படம் எதையேனும் காட்டும்படி கேட்கிறாள். அவன் காட்டுவது தான் எடுத்த படத்தையன்று. தன் தந்தை எடுத்த படத்தை. தந்தை பெரிய விஞ்ஞானி. அச்சத்தைப் பற்றியும் நரம்புமண்டலத்தைப் பற்றியும் தொகுதி தொகுதியாக நூல் எழுதியவர். ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட உயிர் அவருடைய ஒரே மகன். நித்திரை கொள்ளும் சிறுவனின் கண்ணில் திடீரென ஒளி பாய்ச்சுகிறார். அவன் படுக்கையில் ஒரு பெரிய பல்லியைப் போடுகிறார். தாயின் சடலத்தருகே அவனை நிறுத்துகிறார். எல்லாவற்றையும் படமெடுக்கிறார். வீட்டில் எந்த அறையில் அழுதாலும் பதிவாகும்படி ஒலிவாங்கிகளைப் பொருத்தி வைத்திருக்கிறார். கடைசியில் மகனுக்கு ஒரு பரிசும் கொடுக்கிறார். ஒரு கமரா!

அந்தத் தந்தையாகத் திரையில் தோன்றுபவர் வேறு யாருமல்லர், மைக்கல் பவலேதான். சிறுவனாக நடித்தவன் அவருடைய சொந்த மகன் கொலம்பா. இது தெரிந்தபின் அந்தக் காட்சிகளைச் சும்மா பார்க்க முடியவில்லை. தம் மகனை இவ்வாறு நிறுத்திப் படமெடுத்தமை சரிதானா என்ற கேள்வி பலர் மனத்திலும் எழுந்தது. நம் மனத்திலும் அது எழாமலில்லை, இன்னும் தீரவுமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். குற்றவாளிக் கூண்டில் திரைப்படக்காரனை ஏற்றிய பவல், அக்கூண்டில் வேறொருவரை நிறுத்திவிட்டுத் தாம் சபையில் அமர்ந்திருக்கவில்லை.

ஹெலனின் தாய் கண்பார்வையற்றவர். படத்திலேயே மார்க்கின் இயல்பை முதலில் உணர்ந்துகொள்பவர் அவர்தான். காலடி ஓசை கேளாதபடி நடப்பவனை நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. எல்லோரும் கண்ணாலே பார்த்து ஏமாறும் கதையில், காதினாலே பார்க்கும் ஒருத்தியை வைத்தது நல்ல யோசனை. மாக்சின் ஓட்லி என்னும் நடிகை அதனை மிகையின்றிச் செய்திருக்கிறார். ஹெலனாக நடித்த அன்னா மாசி பின்னர், 1972இல், ஹிட்ச்கொக்கின் "ஃபிரென்சி"யிலும் இதே நேர்மையான முகத்தோடு வருவார்.

முடிவிலேதான் படத்தின் கொடிய இரகசியம் வெளிப்படுகிறது. கமராவின் பக்கத்தில் மார்க் ஒரு கண்ணாடியைப் பொருத்தியிருக்கிறான். அலகு நெருங்கும்போது அப்பெண்கள் கண்டது அலகை மாத்திரமன்று. அச்சத்தால் கோணிப்போன தம் முகத்தையே. உலகில் மிகப் பயங்கரமானது அச்சம் தானே என்பது மார்க் கண்டுபிடித்த சூத்திரம். ஹெலனை அவன் கொல்லவில்லை. தான் வகுத்த வழியிலே, கமராக்களின் ஒளிவீச்சுகளுக்கு நடுவே, தன்னையே மாய்த்துக்கொள்கிறான். திரை இருண்டபின் சிறு பிள்ளையொன்றின் குரல் கேட்கிறது. தந்தைக்கு இரவு வணக்கம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளும்படி கேட்கும் குரல் அது.

கதையை எழுதியவர் லியோ மார்க்ஸ். இவருடைய வாழ்க்கையே ஒரு நாவலுக்குப் போதும். தந்தையார் இலண்டன் சாரிங் குறொஸ் வீதி 84ஆம் இலக்கத்தில் பழம் புத்தகக் கடை நடத்திய பங்காளர். புத்தகங்களின் உட்புறத்தில் கடைக்காரர் எழுதிவைக்கும் இரகசிய விலைக்குறியைச் சிறுவயதிலேயே அவிழ்த்துவிட்டான் மகன். இரண்டாம் உலகப் போரின்போது, எதிரி நாட்டுக்குள் ஒற்றர்களை இறக்கிய பிரித்தானிய இரகசியப் பிரிவில் சங்கேத எழுத்துக்குப் பொறுப்பாளராயிருந்தார். நாளை விமானமேறி பிரான்சில் குதிக்கப் போகும் இளம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சங்கேதம் பயிற்றுவித்து அனுப்பியவர் அவர். அவர்களுட் பலர் திரும்பி வரவில்லை. அச்சத்தை அடக்கிக்கொண்டு தம்மெதிரே அமர்ந்திருந்த அந்த முகங்களை நாள்தோறும் பார்த்த ஒருவர், முகத்தில் தோன்றும் அச்சத்தைப் பற்றிக் கதை எழுதியதில் வியப்பொன்றுமில்லை. போருக்குப்பின் அவர் முதலில் பவலிடம் கொண்டுசென்ற யோசனை, மனோதத்துவ அறிஞர் சிக்மண்ட் ஃபிரொய்டின் வாழ்க்கை. அதனை ஹொலிவூட்டில் ஜோன் ஹியூஸ்டன் எடுக்கப் போகிறார் என்றறிந்தபின் அது கைவிடப்பட்டது. அதன் பிறகே இது.

எட்டு மெய்ப்பாடும் ஒரு படமும்

பயங்கரப் படம் இங்கிலாந்துக்குப் புதிதன்று. 1957இல் "பிராங்கன்ஸ்டைனின் சாபம்", 1958இல் "டிராகுலா" என்று வந்த படங்களில் இரத்தம் வண்ண வண்ணமாய் ஓடிற்று. "பீப்பிங் டொம்" படத்தை வெளியிட்ட அதே கம்பனி, 1959இல் இன்னொரு படத்தைக் காட்டியது. அதில் ஒரு பெண் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்ததும் உள்ளிருந்து இரு ஊசிகள் பாயும். இவற்றையெல்லாம் விமர்சகர்கள் முகஞ்சுளித்துவிட்டு மறந்தார்கள். சாக்கடையை எவரும் தேடவில்லை. இங்கே மட்டும் ஏன்?

நம் தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. உள்ளத்தில் எழுவது மெய்யிலே, அதாவது உடம்பிலே, படுதலால் மெய்ப்பாடு. அச்சத்துக்கு நான்கு காரணங்களையும் அவர் வகுத்தார். அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, இறை ஒன்று. டிராகுலா வகைப் படங்கள் அணங்கைக் காட்டி அச்சுறுத்துபவை. பெருங்குரங்கும் சுறாவும் வரும் படங்கள் விலங்கினத்தைச் சேர்ந்தவை. கொள்ளைக்காரர் படங்களுக்குக் கணக்கில்லை. நான்காவதாகிய இறை என்பதற்கு நம்மேல் அதிகாரம் உடையவர் என்று பொருள் கொண்டால், பிள்ளைக்குத் தந்தையும் அதிலே அடங்குவார். "பீப்பிங் டொம்" தொட்டது இந்த நான்காவது அச்சத்தை. அணங்குக்கு அஞ்சுபவன் விளக்கை ஏற்றிக்கொள்ளலாம். கள்வனுக்கு அஞ்சுபவன் கதவைச் சாத்தலாம். விளக்கேற்றுபவரும் கதவைச் சாத்துபவருமாகிய தந்தைக்கே அஞ்சும் பிள்ளை எங்கே போவது?

விமர்சகருக்கு வந்ததோ அச்சமன்று. வந்தவை இளிவரலும் வெகுளியும். தொழுநோயையும் சாக்கடையையும் அவர்கள் துணைக்கழைத்ததே அதற்குச் சான்று. அச்சப்படுவதற்கு, எதிரே இருப்பது நம்மையும் சேர்க்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அருவருப்புக்கு அது வேண்டியதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நின்றால் போதும். போதாக்குறைக்கு, கொலைகாரனாக நடித்த போம், சில ஆண்டுகளுக்கு முன் "சிசி" படங்களில் ஒஸ்திரிய நாட்டு இளஞ் சக்கரவர்த்தியாக வந்து குடும்பப் பெண்களின் உள்ளங்கவர்ந்தவர். மென்மையான முகம், தயங்கித் தயங்கிப் பேசும் பேச்சு. கோரைப் பல்லும் கறுப்புப் போர்வையும் இருந்திருந்தால் எல்லோருக்கும் ஆறுதலாயிருந்திருக்கும். இவனைப் பார்த்தாலோ இரக்கம் வருகிறது. இரக்கம் வந்துவிட்டதே என்று நம்மேலேயே கோபம் வருகிறது.

அதே 1960ஆம் ஆண்டில்தான் அல்பிரட் ஹிட்ச்கொக்கின் "சைக்கோ"வும் வெளிவந்தது. இவ்விரு நெறியாளருக்கும் பழைய தொடர்புண்டு. இளம் பவல், ஹிட்ச்கொக்கின் "ஷம்பேய்ன்" என்னும் மௌனப் படத்துக்கு நிழற்படங்கள் எடுத்தவர். "சைக்கோ"விலும் கூச்சமுள்ள இளைஞன், பெற்றோரின் நிழல், ஒளிந்து பார்க்கும் கண் எல்லாம் இருந்தன. அதனையும் முதலிற் பல விமர்சகர்கள் ஏசினார்கள். ஆனால் ஹிட்ச்கொக் வியாபாரம் அறிந்தவர். படத்தை விமர்சகருக்கு முன்கூட்டியே காட்டவில்லை. படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடுவதில்லை என்று படமாளிகைகளுக்குச் சட்டம் போட்டார். சனங்கள் வீதியில் வரிசை பிடித்து நின்றார்கள். ஏறக்குறைய எட்டு இலட்சம் டொலர் செலவில் எடுத்த படம் கோடிக்கணக்கில் திரட்டிற்று. நீராடும் அறைக் கொலைக் காட்சி திரையில் ஓடுவது முக்கால் நிமிடம் அளவுதான். அதனை எடுக்க ஒரு வாரம் பிடித்தது. இரத்தமாக ஓடியது சொக்கலேற்றுப் பாகு. அப்படத்தைப் பார்த்தவர்கள் அலறினார்கள், பின்பு சிரித்தார்கள், பின்பு நண்பரையும் அழைத்துக்கொண்டு மறுபடி வந்தார்கள். அலறிச் சிரித்துத் தீர்த்துக்கொள்ளும் வசதியை ஹிட்ச்கொக் கொடுத்தார். பவல் கொடுக்கவில்லை.

வரவேற்பறையில் ஒரு மாலை

ஏட்டிலுள்ளதை எழுதிவிட்டால் போதுமா? இன்றைய மனிதர் இதைப் பார்த்தால் என்ன செய்வர் என்று அறிய நமக்கு ஆவல். அண்மையில் நண்பர் ஒருவரின் வீட்டு வரவேற்பறையில், பிள்ளைகள் உறங்கியபின், பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் கூடி இப்படத்தைப் பார்த்தோம். நாம் படத்தைப் பாதியும் பார்ப்போரை மீதியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். (இதுவும் ஒருவகை ஒளிந்து பார்த்தல்தானே என்று கேட்கும் வாசகருக்கு நம்மிடம் விடையில்லை.)

பல்கலைக்கழக மாணவர் இருவர் முதல் அரைமணி நேரமும் சிரித்துக்கொண்டிருந்தனர். இக்காலத்துப் படங்களில் தலைகள் உருளுவதைக் கண்டு பழகியவர்கள். இவர்களுக்கு இது பழங்காலத்துச் சாமானாகப் பட்டது. பின்னர் எங்கோ ஓரிடத்தில் அச்சிரிப்பு நின்றுவிட்டது. எவ்விடம் என்று கேட்டபோது அவர்களாலும் சொல்ல இயலவில்லை. நண்பரின் மாமியார், எழுபதைத் தாண்டியவர், கொலைகளை எல்லாம் வெற்றிலைத் தட்டு மடியில் இருக்க அசையாமல் பார்த்தார். தந்தை எடுத்த படம் ஓடியபோது எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விட்டார். காரணம் கேட்டோம்.

"கொலைக்கு நான் எழும்பேல்லைத் தம்பி. அந்தப் பிள்ளையின்ரை படுக்கையிலை பல்லியைப் போட்டுட்டு, அது குழறக் குழறப் படம் எடுத்துக்கொண்டு நிக்கிறானே, தேப்பன். அதுதான் எனக்குப் பொறுக்கேலாமப் போச்சு," என்றார்.

பின்னர் தாமே தொடர்ந்தார். "ஏன், இப்ப எங்கடையள் செய்யேல்லையே? போன கிழமையும் ஆரோ ஒரு குஞ்சுக்குப் பேய் முகமூடி காட்டி, அது வெருண்டு அழுறதைப் போனிலை எடுத்து எல்லாருக்கும் அனுப்பினவை. நானும் பாத்துச் சிரிச்சனான்."

அறையில் எவரும் பேசவில்லை. அந்தக் காணொளியை எடுத்தவர் அங்கேயே இருந்தார். நண்பரின் இளைய சகோதரர். குழந்தையிடம் உயிரை வைத்திருப்பவர். "அது சும்மா பகிடிக்கு, மாமி," என்று மெல்லச் சொன்னார். "பகிடிதான் ராசா, ஆர் இல்லையெண்டது," என்று மாமியும் விட்டுவிட்டார். சிறிது நேரங்கழித்து அவர் தொலைபேசியைக் கையில் எடுத்து வெகுநேரம் எதையோ தேடிக்கொண்டிருந்ததைக் கண்டோம். என்ன செய்தார் என்று நாம் கேட்கவில்லை.

மார்க்கின் தந்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 1920ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் வாட்சன் என்னும் மனோதத்துவப் பேராசிரியரும் அவருடைய உதவியாளர் றொசாலி ரேய்னரும் ஒரு கைக்குழந்தையை வைத்துப் பரிசோதனை செய்தனர். அல்பேட் என்ற பெயரால் குறிக்கப்பட்ட அக்குழந்தை முதலில் வெள்ளெலியைக் கண்டு அஞ்சவில்லை. கை நீட்டித் தொட்டது. தொடும்போதெல்லாம் அதன் தலைக்குப் பின்னால் இரும்புத் தண்டொன்றைச் சுத்தியலால் ஓங்கித் தட்டினர். சில தடவைக்குள், ஓசை இல்லாமலே, எலியைக் கண்டதும் குழந்தை வீரிட்டது. முயலைக் கண்டும், உரோமத்தாலான மேலங்கியைக் கண்டும் அஞ்சியது. அச்சத்தைப் பழக்கத்தால் உண்டாக்கலாம் என்பதற்குச் சான்றாக அது பாடநூல்களில் ஏறிற்று. அந்த அச்சத்தை நீக்குவதற்கு முன்பே குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு போய்விட்டார்கள். அப்பரிசோதனையையும் படமெடுத்தார்கள், பிலிம் இன்றும் இருக்கிறது. மனோதத்துவம் பயிலும் மாணவர் அதனைக் கண்டிருப்பர். இன்றைய ஒழுக்க விதிகளின்படி அத்தகைய பரிசோதனைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இடமளிக்காது.

பின்னர் நடந்தவை

படத்தை வெளியிட்டவர்கள் வசைமாரி பொழிந்ததும் அதனைக் கைகழுவிவிட்டார்கள். அமெரிக்காவில் வெட்டிக் குறைத்த பிரதிகள் ஓடின. பவலுக்கு அப்போது வயது 54. இன்னும் இருபதாண்டுகள் படமெடுக்கும் தெம்பு இருந்தது. பணம் போடுவார்தான் இல்லை. 1966இல் அவுஸ்திரேலியா சென்று ஒரு படம், 1969இல் அங்கேயே இன்னொன்று, அவ்வளவில் அவருடைய பெரிய பணிகள் முடிந்தன. ஒரு படம் தோற்றதனால் மட்டுமா இது நேர்ந்தது என்று கேட்பாரும் உண்டு. பிரஸ்பேர்கருடனான கூட்டு முன்பே கலைந்திருந்தது, பிரித்தானியப் படங்களின் போக்கும் மாறிக்கொண்டிருந்தது என்பர். உண்மையே. ஆயினும் வீழ்கின்ற மரத்தின்மேல் வைத்த கோடரி இது என்பதை மறுப்பதற்கில்லை.

படத்தை மறக்காதவர்கள் வேறு இடத்தில் இருந்தனர். நியூயோர்க்கில் திரைப்படக் கலை பயின்றுகொண்டிருந்த மாணவர்கள் சிலர், பார்க்கக் கிடையாத இப்படத்தைப் பற்றி ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் மார்ட்டின் ஸ்கோர்செசி. படமெடுக்கும் தொழிலைப் பற்றிச் சொல்லத்தக்கதெல்லாம் இதிலும் ஃபெல்லினியின் "எட்டரை"யிலும் அடங்கிவிட்டது என்பது அவருடைய கருத்து. 1979இல் நியூயோர்க் திரைப்பட விழாவில் இப்படம் மீண்டும் காட்டப்பட்டபோது அதற்குத் துணைநின்று, வெளியீட்டுக்குத் தம் கைப்பணத்தையும் கொடுத்தார். எழுபது வயதைத் தாண்டிய பவலை அமெரிக்கா அழைத்துக்கொண்டது. 1984இல் ஸ்கோர்செசியின் படத்தொகுப்பாளர் தெல்மா ஷூன்மேக்கரை அவர் மணந்தார். கணவனின் படங்களைப் புதுப்பித்துக் காப்பதைத் தம் கடமைகளுள் ஒன்றாக அவ்வம்மையார் ஏற்றுக்கொண்டார். 2023இல் "பீப்பிங் டொம்" புதுப்பிக்கப்பட்ட பிரதியாக மறுபடியும் திரைக்கு வந்தது.

நாயகன் போமின் கதையையும் சொல்லிவிட வேண்டும். "சிசி"யின் சக்கரவர்த்தி கொலைகாரனாக வந்ததை அவருடைய இரசிகர்கள் மன்னிக்கவில்லை. நெடுங்காலம் கழித்து, 1981இல், ஜெர்மன் தொலைக்காட்சியில் நேயர்களிடம் ஒரு பந்தயம் போட்டார் அவர். பார்ப்போரில் மூன்றிலொரு பங்கினர்கூட ஆபிரிக்காவின் பசித்தோருக்காக ஆளுக்கொரு மார்க் கொடுக்கமாட்டார்கள் என்பது பந்தயம். பந்தயத்தில் அவரே வென்றார். அத்தனை பேர் கொடுக்கவில்லைதான். எனினும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மார்க் சேர்ந்தது. அதனை எடுத்துக்கொண்டு எதியோப்பியாவுக்குச் சென்று, பல ஆண்டுகள் அந்நாட்டு மக்களுக்குப் பள்ளிக்கூடமும் கிணறும் ஆஸ்பத்திரியும் அமைக்கும் பணிக்கே தம்மை ஒப்படைத்தார்.

இலண்டன் "சண்டே டைம்ஸ்" பத்திரிகையின் விமர்சகர் டிலிஸ் பவல் அம்மையாரும் 1960இல் இப்படத்தைக் கண்டித்தவர்களுள் ஒருவர். பெயர் ஒன்றாயினும் நெறியாளருக்கு உறவினர் அல்லர். சாக்கடை, தொழுநோய் என்று கொட்டாமல், ஆனால் ஐயத்துக்கிடமின்றி, இது தீய நோக்குடைய படம் என்று தீர்ப்பெழுதினார். 1994இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், படத்தை மறுபடியும் பார்த்து, அதே பத்திரிகையில் அதே படத்தைப் பற்றி எழுதினார். அன்று தாம் எழுதியது தவறு, இது பெரும் படைப்பு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன் என்றார். மறுவுலகில் உரையாட இடமிருக்குமானால் மைக்கல் பவலைத் தேடிச்சென்று மன்னிப்புக் கேட்பது தம் கடமை என்றும் எழுதினார்.

மைக்கல் பவல் இறந்து அப்போது நான்கு ஆண்டுகளாகியிருந்தன. அம்மையார் அடுத்த வருடம், 1995இல், காலமானார்.